17-ஆம் இடமும் ஒரு கோப்பையும்

லண்டன் கால்பந்து கிளப் டாட்டன்ஹாமின் ரசிகன் என்று சொன்னால் இன்றைக்கும் வருகிற முதல் கேள்வி, "அந்த 17-ஆம் இடத்து டீமா?" என்பதுதான். ஆமாம், அதே டீம்தான். 2025 மே மாதம் ஐரோப்பிய கிளப்களின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியதும் அதே டீம்தான். 2024-25 சீசனைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டில் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோச் ஆஞ்சி போஸ்டகோக்லுவை அதற்குப் பிறகு நீக்கியது சரியா தவறா என்று சொல்ல முடியும் என்பது என் கட்சி.

முதலில் அவமானத்தை முடித்துவிடுவோம். இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீகில் 38 ஆட்டம், 22 தோல்வி, 38 புள்ளி. 38 ஆட்ட சீசனில் இத்தனை தோற்றும் கீழ் டிவிஷனுக்கு இறங்காத வேறு டீம் அந்த லீகில் கிடையாது. லெஸ்டர், இப்ஸ்விச், சவுதாம்ப்டன் மூன்றும் நம்மைவிட மோசமாக இருந்ததால் பிழைத்தோம். 18-ஆம் இடத்து லெஸ்டருக்கே 25 புள்ளிதான்.

இதே பட்டியலில் கோல் கணக்கைப் பாருங்கள். நாம் அடித்தது 64, வாங்கியது 65. நான்காவதாக முடித்த செல்சி அடித்ததும் அதே 64தான்! கோல் அடிக்கத் தெரியாத டீம் இல்லை இது. மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று கிழித்தோம். அதற்கு இரண்டு வாரம் முன்னால், அதுவரை லீகில் ஒரு வெற்றிகூட இல்லாத இப்ஸ்விச்சிடம் நம் வீட்டிலேயே 1-2 என்று தோற்றோம். டிசம்பரில் செல்சிக்கு எதிராக 2-0 என்று முன்னால் போய் 3-4 என்று தோற்றோம். அப்புறம் லிவர்பூல் வந்து ஆறு கோல் போட்டுவிட்டுப் போனது.

காயங்கள் காரணம் என்பார்கள். பெரிய காரணம்தான். ரொமேரோ, வான் டி வென், உடோகி, கோல்கீப்பர் விகாரியோ என்று டிஃபென்ஸ் மொத்தமும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டது. மிட்ஃபீல்டில் ஆட வேண்டிய 18 வயசுப் பையன் ஆர்ச்சி கிரே நடு டிஃபென்ஸில் நின்றான். ஆனால் அந்த நிலையிலும் டிஃபென்ஸ் கோட்டை மைதானத்தின் நடுவரை ஏற்றி வைத்து, ஓட்டமும் துரத்தலுமாகத்தான் ஆடுவேன் என்று பிடிவாதம் பிடித்தது யார்? கோச்தான். அந்த ஓட்டமே காயங்களைக் கூட்டியது என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்த மனிதர்தான் செப்டம்பரில் ஆர்சனலிடம் தோற்ற அன்றைக்கு, இரண்டாவது வருடத்தில் நான் எப்போதும் ஏதாவது ஒன்றை ஜெயிப்பேன் என்று சொன்னவர். முன்பு ஜப்பானில் யோகோஹாமா கிளப்பில் செய்தவர், ஸ்காட்லாந்தில் செல்டிக்கில் செய்தவர். ஆனாலும் கேட்டவர்கள் சிரித்தார்கள். மே மாதம் வரை சிரித்தார்கள்.

யூரோப்பா லீகில் என்ன ஆனது? நெதர்லாந்தின் ஆல்க்மாரில் 0-1 என்று தோற்று, வீட்டில் 3-1 என்று திருப்பினோம். அதற்குப் பிறகு நாம் வேறு டீம் மாதிரி ஆகிவிட்டோம். காலிறுதியில் ஃப்ராங்ஃபர்ட்டில் சொலாங்கியின் ஒரே பெனால்டியை வைத்துக்கொண்டு கதவை அடைத்தோம். அரையிறுதியில் நார்வேயில் ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கிற போடோவின் செயற்கைப் புல்லில், இத்தாலியின் லாசியோவே தோற்ற இடத்தில், 2-0 என்று ஜெயித்தோம். பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான இறுதி ஆட்டத்துக்கு நம் மிட்ஃபீல்டர்கள் மேடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூன்று பேருமே இல்லை. நாம் அடித்தது மூன்றே ஷாட். 42-ஆவது நிமிடம் நம் பாப் சார் போட்ட பந்து யுனைடெட்டின் லூக் ஷா மேலே பட்டு, நம் ஜான்சன் காலில் பட்டும் படாமலும் உள்ளே போனது. அழகான கோல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் பாதியில் யுனைடெட்டின் ஹொய்லுண்டின் ஹெட்டரை கோட்டுக்கு மேலே பறந்து காலால் எடுத்தார் வான் டி வென். அந்த நடுராத்திரியில் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

1-0. 2008-க்குப் பிறகு முதல் கோப்பை, 1984-க்குப் பிறகு முதல் ஐரோப்பியக் கோப்பை. 2015-இல் வந்த கேப்டன் சன் இந்த கிளப்போடு தொட்ட முதல் கோப்பையும் இதுதான். இரண்டு பேர் ரெட் கார்டில் வெளியேறி ஒன்பது பேரே மிச்சமிருந்தபோதும் டிஃபென்ஸ் கோட்டைக் கீழே இறக்காத கோச், கடைசி நேரத்தில் ஐந்து டிஃபெண்டர்களை நிறுத்தி உட்கார்ந்து ஜெயித்தார். தன் கொள்கையை மூட்டை கட்டி வைத்து ஜெயித்தார். அவர் அந்த சீசனில் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான்.

16 நாள் கழித்து, ஜூன் 6 அன்று, வேலைக்கு எடுத்து சரியாக இரண்டு வருடம் ஆன தினத்தில், அவரை அனுப்பிவிட்டார்கள். கிளப் சொன்ன கணக்கு, லீகில் கடைசி 66 ஆட்டத்தில் 78 புள்ளி. உணர்ச்சியை வைத்து முடிவெடுக்க முடியாது என்றார்கள். ஐரோப்பாவுக்கு முன்னுரிமை கொடுத்ததையும் அதே அறிக்கையில் ஒத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. அந்த சீசனை பிப்ரவரி கடைசியில் இரண்டாக வெட்டிப் பாருங்கள். இப்ஸ்விச்சை அங்கே போய் 4-1 என்று ஜெயித்தது வரை 26 ஆட்டம், 13 தோல்வி. இதற்கு கோச்தான் பொறுப்பு. இதைக் காட்டி பிப்ரவரியிலேயே நீக்கியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகு 12 ஆட்டத்தில் ஒரே வெற்றி, ஒன்பது தோல்வி. வியாழக்கிழமை யூரோப்பா ஆட்டத்துக்காக முக்கியமானவர்களை ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்தில் உட்கார வைத்ததற்குக் கொடுத்த விலை இதில் பெரும்பங்கு. அந்த முடிவில்தான் கோப்பையும் வந்தது, ஐரோப்பாவின் முதல் நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் இடமும் வந்தது, அதோடு வருகிற பணமும் வந்தது. லாபத்தை கிளப் கணக்கில் எழுதி, நஷ்டத்தை மட்டும் கோச் கணக்கில் எழுதினால் அதற்குப் பெயர் என்ன?

17-ஆவதாக வந்த டீம் சாம்பியன்ஸ் லீக் ஆடுவது, 65 புள்ளி எடுத்து ஏழாவதாக வந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு அநியாயம் இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. யூரோப்பா லீகை ஜெயித்த டீமுக்கு சாம்பியன்ஸ் லீகில் இடம் என்ற விதி பத்து வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் ஜெயித்திருந்தாலும் 15-ஆம் இடத்திலிருந்து அவர்கள் போயிருப்பார்கள். அப்போது எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்?

என்னைக் கேட்டால், சாம்பியன்ஸ் லீகோடு சேர்த்து டிசம்பர் வரை அவருக்கு நேரம் கொடுத்திருக்க வேண்டும். பில்பாவோவில் ஆடிய மாதிரி லீகிலும் ஆடுவாரா, இல்லை பழைய கோட்டுக்கே திரும்புவாரா என்று அதற்குள் தெரிந்திருக்கும். பழையதற்குத்தான் திரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்போது நீக்கியிருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன்.