பென்ஸா பிஎம்டபிள்யூவா என்று கேட்பவர்கள் முதலில் எந்த சீட் என்று சொல்லுங்கள்

தொழில் நன்றாகப் போகிற நண்பர்கள், நிலம் விற்று கையில் காசு வந்த சொந்தக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் என்று யாராவது ஒருவர் என்னிடம் "பென்ஸ் எடுக்கலாமா, பிஎம்டபிள்யூ எடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வண்டியில் நீங்கள் எங்கே உட்காரப் போகிறீர்கள், முன்னாலா பின்னாலா? பாதிப்பேருக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. எழுபது லட்சம் போடப்போகிறேன், பிராண்டைப் பற்றிப் பேசுவான் என்று பார்த்தால் இவன் சீட்டைப் பற்றிக் கேட்கிறானே என்று முகம் சுருங்கிவிடும்.

எனக்கு இந்த லோகோ சண்டையில் துளியும் மரியாதை கிடையாது. இது எதிரிகளுக்குள் நடக்கும் சண்டையே அல்ல, பங்காளிச் சண்டை. 1959-இல் பிஎம்டபிள்யூ கிட்டத்தட்டக் கையை விரிக்கும் நிலையில் இருந்தது. ஒரு பக்கம் யாரும் வாங்காத பெரிய வி8 கார்கள், இன்னொரு பக்கம் முன்பக்கமாகக் கதவு திறக்கும் முட்டை மாதிரியான இசெட்டா, நடுத்தர வர்க்கத்துக்கு விற்க உருப்படியாக எதுவும் இல்லை. பென்ஸ் கார்களைச் செய்துவந்த டைம்லர்-பென்ஸ் கம்பெனி அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அந்த டிசம்பரில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் சில்லறைப் பங்குதாரர்களும் டீலர்களும் சேர்ந்து எதிர்த்ததால்தான் அது நின்றது, அப்புறம் ஹெர்பர்ட் குவாண்ட் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தினார், இன்றும் கம்பெனியில் ஏறக்குறைய பாதி அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஆடியின் முன்னோடியான ஆட்டோ யூனியனையும் இதே டைம்லர்-பென்ஸ்தான் 1958-இல் வாங்கி, சில ஆண்டுகள் வைத்திருந்து, ஃபோக்ஸ்வாகனிடம் தள்ளிவிட்டது. ஆக, அன்றைக்குக் கொஞ்சம் மாறியிருந்தால் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அது பழைய கதை என்பவர்களுக்குப் புதிய கதை. 2015-இல் நோக்கியாவிடமிருந்து ஹியர் என்ற வரைபட நிறுவனத்தை மூன்று பேரும் கூட்டாக வாங்கினார்கள். அதைவிடச் சுவாரசியமானது 2021-இல் அபராதத்தில் முடிந்த கதை. டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிறோமே ஆட்ப்ளூ, அந்தத் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று இவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள், சட்டம் கேட்பதைவிட நன்றாக யாரும் செய்துவிடக் கூடாது என்ற புரிதலோடு. ஐரோப்பிய ஆணையம் பிஎம்டபிள்யூவுக்கும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கும் சேர்த்து 87.5 கோடி யூரோ அபராதம் போட்டது. டைம்லருக்கு மட்டும் ஒரு பைசாகூடக் கிடையாது. விஷயத்தை முதலில் போய்ச் சொன்னதே அவர்கள்தான்! இங்கே நம் ஆட்கள் கமெண்டில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்கிறார்கள், அங்கே அவர்கள் ஒரே மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மூர்ப் பக்கம் வந்தால் இன்னும் வேடிக்கை. பிஎம்டபிள்யூ ஆலை 2007-இலிருந்து சென்னைக்குப் பக்கத்தில், மறைமலை நகரைத் தாண்டி மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஓடுகிறது. பென்ஸ் புனேவுக்குப் பக்கத்தில் சாகனில். சரி, இந்த இரண்டு ஆலைகளுக்கும் இஞ்சின் கோத்துக் கொடுப்பது யார் தெரியுமா? ஃபோர்ஸ் மோட்டார்ஸ். ஆமாம், கல்யாணத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் வாடகைக்கு எடுத்துப் பின்சீட்டில் இடுக்கிக்கொண்டு போவோமே, அந்த டிராவலர் வேனைச் செய்கிற அதே கம்பெனி. சாகனில் பென்ஸுக்கு ஒரு கூடம், சென்னைப் பக்கம் பிஎம்டபிள்யூவுக்கு ஒரு கூடம், பாகங்களைக் கோத்து, சோதித்து, ஆலைக்கு அனுப்புகிறார்கள். அந்த டிராவலர் வேனே 1980களில் டைம்லரின் வேனை உரிமம் வாங்கிச் செய்ததுதான். எனவே வாழ்நாளில் பென்ஸில் ஏறியதே இல்லை என்று யாரும் ஏங்க வேண்டாம், பழனிக்குப் போகும்போது ஒரு மாதிரி ஏறிவிட்டோம்.

இவ்வளவும் சொல்வதால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அது முகப்பில் இருக்கும் சின்னத்தில் இல்லை. ஒரே ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம்மூரில் உண்மையான போட்டி அங்கேதான். பிஎம்டபிள்யூ 530எல்ஐ, பென்ஸ் இ200. இரண்டுமே 2024-இல் வந்தவை. பிஎம்டபிள்யூ ஜூலையில், அறிமுக விலை 72.90 லட்சம், பென்ஸ் அக்டோபரில், 78.50 லட்சம். இரண்டும் பின்சீட்டுக்காரருக்காக நீட்டப்பட்ட வண்டிகள். இந்த நீளக் காரை வாங்குகிற நாடுகள் உலகத்தில் ரொம்பக் குறைவு, சீனாவும் நாமும்தான் முக்கியம், ஏனென்றால் இரண்டு நாட்டிலும் முதலாளி பின்னால் உட்காருவார், டிரைவர் ஓட்டுவார். சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளி இரண்டிலும் 3,100 மில்லிமீட்டரை ஒட்டித்தான், டேப் வைத்து அளந்தால் பிஎம்டபிள்யூ ஒரு விரற்கடை அதிகம்.

உட்கார்ந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். பென்ஸில் கதவோரத்தில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் பின்சீட் முதுகு மெதுவாகச் சாயும், 36 டிகிரி வரைக்கும். தொடைக்குக் கீழே இருக்கும் தாங்கல் முன்னால் நீளும். உயரமான ஆளுக்கு அந்த நீட்சியின் அருமை விழுப்புரம் தாண்டும்போது தெரியும். பிஎம்டபிள்யூவில் காலை நீட்ட இடம் தாராளம், மெத்தையும் நல்ல மெத்தை, ஆனால் முதுகு சாயாது. அவ்வளவு பெரிய வண்டியைப் பின்சீட்டுக்காரருக்காகவே நீட்டிவிட்டு அதை மட்டும் ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் முன்னால் போய் ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள், கதை தலைகீழ். பிஎம்டபிள்யூவின் 2 லிட்டர் பெட்ரோல் 258 குதிரைத்திறன், இ200 204. எண்ணை விடுங்கள், ஐந்து மீட்டரைத் தாண்டிய வண்டி, ஏற்காடு கொண்டை ஊசியில் திருப்பினால் சின்ன வண்டி மாதிரித் திரும்புகிறது. பென்ஸும் திரும்பும், "என்ன அவசரம்?" என்று கேட்டுக்கொண்டே திரும்பும்.

ஆகவே டிரைவர் வைத்துப் போகிறவர் பிஎம்டபிள்யூ எடுத்தால் அந்தப் பணத்தின் சுகத்தை அனுபவிப்பவர் டிரைவர். தானே ஓட்டுகிற ஆள் இ200 எடுத்தால் சாய்கிற சீட்டில் லேப்டாப் பை மட்டும்தான் சாய்ந்து வரும். இதைப் போய் எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார். ஒரு ஷோரூமில் நான் பின்சீட்டில் உட்கார்ந்தபடி டெஸ்ட் டிரைவ் வேண்டும் என்று கேட்டேன், அந்தத் தம்பி ஒரு நிமிடம் முழித்துவிட்டு, "சார், டெஸ்ட் டிரைவ்னா நீங்கதான் சார் ஓட்டணும்" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் விடவில்லை, அவரையே ஓட்டச் சொல்லி, முழுக்கப் பின்னாலேயே உட்கார்ந்து வந்தேன். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

முடிந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையைக் கதவில் வைத்து, யாருடைய உதவியும் இல்லாமல் ஏறி இறங்குகிறார்களா என்று பாருங்கள். செடான்கள் தாழ்வாக இருக்கும், இறங்கும்போது முழங்கால் வலிக்காரர்கள் கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி ஏற வேண்டியிருக்கும். அப்படி என்றால் இவர்களின் உயரமான எஸ்யூவிகளான பிஎம்டபிள்யூ எக்ஸ்3, பென்ஸ் ஜிஎல்சி பக்கம் போய்விடுவது நல்லது, சாய்கிற சீட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரிய வண்டி வாங்கி அம்மா அதில் ஏறத் தயங்கினால் என்ன பிரயோஜனம்?

அப்புறம் வேகத்தடை. நீள வண்டிக்கு ஒரு பிரச்சினை உண்டு, முன் சக்கரம் தாண்டி, பின் சக்கரம் வருவதற்குள் வயிறு தடையில் உட்கார்ந்துவிடும். நம் கிராமத்துப் பிள்ளைகள் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிற வேகத்தடைகளுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. எனவே டெஸ்ட் டிரைவுக்கு ஐந்து பேராகப் போங்கள், ஷோரூம்காரர் காட்டுகிற வழுவழு ரோட்டில் ஓட்டாமல் உங்கள் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். டயரும் அப்படித்தான். போஸ்டரில் பெரிய அலாய் வீல் அழகாகத்தான் இருக்கும், ஆனால் சக்கரம் பெரிதாகப் பெரிதாக டயரின் பக்கச்சுவர் மெலிதாகும், ஒரு பள்ளத்தில் சரியாக விழுந்தால் டயரில் கொப்புளம் கிளம்பும், மாற்றினால் ஒரு டயருக்கே பல்லாயிரம். சின்ன ரிம் இருக்கிற வேரியன்ட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து கண்ணால் பாருங்கள், வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். பிஎம்டபிள்யூ வெகுகாலம் ரன்ஃப்ளாட் டயர் கொடுத்துவிட்டு ஸ்டெப்னியே இல்லாமல் விற்ற கம்பெனி. பஞ்சரானாலும் 80 வேகத்தில் ஒரு 80 கிலோமீட்டர் ஓடும் என்பார்கள். ஓடும். அந்த 80 கிலோமீட்டருக்குள் அந்த அளவு டயர் வைத்திருக்கிற கடை இருக்க வேண்டுமே, அதுதானே கேள்வி.

சிறிய ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லும் பதில் வேறு, அதைச் சொன்னால் ஜெர்மன் ரசிகர்கள் என்னை அடிக்க வருவார்கள். டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்சஸ் விற்கும் இஎஸ். டொயோட்டா கேம்ரிக்கு அடியில் இருக்கிற அதே தளம்தான், பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் கோக்கிறார்கள், ஹைபிரிட், ஓட்டுவதில் கிளுகிளுப்பு எதுவும் கிடையாது. ஆனால் 2024 ஆகஸ்டிலிருந்து அவர்கள் புது வண்டிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி கொடுக்கிறார்கள். பிஎம்டபிள்யூ இந்தியாவில் அடிப்படையாகக் கொடுத்து வந்தது 2 ஆண்டு, அதற்கு மேல் வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். தன் வண்டி எவ்வளவு நாள் தாங்கும் என்று செய்கிறவனுக்குத் தெரியும், அதை அவன் வாரண்டி காகிதத்தில் எழுதிவிடுகிறான், விளம்பரத்தில் எழுதுவதைப் படிக்கத் தேவையில்லை. லெக்சஸ் 1989-இல் அமெரிக்காவில் முதல் கார் விற்ற சில மாதங்களிலேயே எல்எஸ்400 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. புது பிராண்ட், அத்தோடு ஒழிந்திருக்க வேண்டியது. ஆனால் அவர்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வண்டியை எடுத்து, சரிசெய்து, கழுவி, டேங்க்கை நிரப்பித் திருப்பி விட்டார்கள். அந்தப் பெயர்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

ஷோரூம் சிறிய ஊர்களில் இல்லையே என்பீர்கள், உண்மைதான், லெக்சஸுக்கு நம் மாநிலத்தில் கடை குறைவு. ஆனால் ஜெர்மன் வண்டிக்கும் சர்வீஸ் சென்டர் பெரிய நகரங்களில்தான், பக்கத்து ஊரில் ஒரு சென்சார் போனால்கூட வண்டியைப் பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். தொலைவு இரண்டுக்கும் உண்டு. அடிக்கடி போக வேண்டியது எது என்பதுதான் கணக்கு.

ஆடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்ளே வேலைப்பாடு நன்றாக இருக்கும், நான்கு சக்கரத்துக்கும் சக்தி அனுப்பும் அவர்களின் குவாட்ரோ மழையில் நம்பிக்கையாக இருக்கும், 2020-இலிருந்து டீசலை நிறுத்திவிட்டார்கள். பென்ஸ் 2024-இல் இந்தியாவில் 19,565 விற்றபோது ஆடி 5,816 விற்றது. திரும்ப விற்கும்போது அந்த இடைவெளி உங்கள் தலையில்தான் விழும்.

வரியையும் மறந்துவிடாதீர்கள். 2025 செப்டம்பரில் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 48, 50 சதவீதம் என்று இருந்தது 40 ஆகக் குறைந்தது, நல்லது. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேலான காருக்குச் சாலை வரி 20 சதவீதம். எழுபது லட்சம் வண்டிக்கு வரி மட்டுமே பதினான்கு லட்சம், அதாவது நல்ல ஒரு கிரெட்டாவை அரசாங்கத்துக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு நீங்கள் பென்ஸை ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள். பாண்டிச்சேரியில் யாரோ ஒருவர் வீட்டு முகவரியைக் காட்டிப் பதிவு செய்யலாம் என்று காதில் ஓதுகிறவர்கள் இருப்பார்கள், வேண்டாம், பிடித்தால் வரியும் கட்ட வேண்டும், மானமும் போகும்.

இந்த வரியெல்லாம் முதல் உரிமையாளர் கட்டிவிடுகிறார், விற்கும்போது அவருக்குத் திரும்பி வருவதில்லை. அதனால்தான் நாலைந்து வயதான வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதை எடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, கம்பெனியே சான்று கொடுத்து வாரண்டியோடு விற்கிற பழைய வண்டியாக இருந்தால் மட்டும். வாரண்டி இல்லாத ஜெர்மன் வண்டியைப் பாதி விலைக்கு வாங்குகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும், வண்டியின் விலைதான் பாதி ஆகியிருக்கிறது, உதிரிபாகத்தின் விலை அப்படியே முழுசாக இருக்கிறது.

புதிதுதான் வேண்டும் என்றால் அக்டோபரில் பார்த்துப் பிடித்துவிட்டு டிசம்பர் கடைசி வாரம் போய்ப் பேரம் பேசுங்கள். ஆண்டு மாறினால் யார்டில் நிற்கிற வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும் என்று டீலருக்குத் தெரியும், தள்ளுபடி, இலவச சர்வீஸ் பேக்கேஜ், நீட்டித்த வாரண்டி எல்லாம் தானாக வரும். மூன்றில் ஒன்றுதான் தருவேன் என்றால் தள்ளுபடியை விட்டுவிட்டு வாரண்டியைக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் வண்டி எந்த மாதம் தயாரானது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.