தாழ மாட்டிய படங்கள்

போன மாதம் வேலை விஷயமாக டோக்கியோ போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சிஹிரோ ஓவிய அருங்காட்சியகத்துக்கென்றே ஒதுக்கினேன். காமி-இகுசா ரயில் நிலையத்தில் இறங்கி, குடியிருப்புத் தெருக்கள் வழியாகக் கொஞ்ச தூரம் நடை. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்த ஜப்பானிய ஓவியர் இவாசாகி சிஹிரோ குடும்பத்தோடு வாழ்ந்த மனையிலேயே 1977-இல் இதைத் திறந்திருக்கிறார்கள்.

ஒரு ஜப்பானியச் சிறுமியின் பள்ளிக் கதையான 'டோட்டோ-சான்' தமிழில் படித்தவர்களுக்குச் சிஹிரோவின் படங்கள் பழக்கம். ஆனால் அந்தப் புத்தகம் ஜப்பானில் வந்தது 1981-இல். அவர் 1974-லேயே, 55 வயதில், காலமாகிவிட்டார். ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தவற்றிலிருந்து தேடிச் சேர்த்த படங்கள் அவை. கதைக்காகவே வரைந்தது போல இருக்கின்றன, இல்லையா?

மூலப்படத்தை நேரில் பார்த்தால்தான் அவர் கைவேலை புரிகிறது. ஒரு குழந்தையின் கன்னம். கோடே கிடையாது. ஈரத் தாளில் சிவப்பை விட்டு, அது தானாகப் பரவி நின்ற இடம்தான் கன்னம். தண்ணீர் காய்ந்த விளிம்பு மெல்லிய வரப்பு போலத் தெரிகிறது. அச்சில் இது வரவே வராது. பத்து மாதக் குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தை, எதிரே குழந்தையை வைத்துக்கொள்ளாமலே அவரால் வரைய முடியுமாம். அந்தக் கன்னத்தைப் பார்த்த பிறகு நான் நம்புகிறேன்.

1945 விமானத் தாக்குதலில் வீட்டை இழந்தவர் அவர். வியட்நாம் போர் நடந்தபோது, போர்த் தீயில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி 1973-இல் ஒரு படப்புத்தகம் கொண்டுவந்தார். அந்தப் பிள்ளைகளின் கண்களுக்கு முன்னால் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

புத்தகப் படம் என்றால் கதைக்கு ஒட்டும் அலங்காரம், ஓவியத்தில் சேராது என்று இன்னமும் பேசுகிறார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. சிஹிரோ காலத்தில் அங்கேயும் அதே நிலைதான். பதிப்பகங்கள் படத்தை மொத்தமாக விலைக்கு வாங்கிக்கொள்ளும், மூலப்படம் வரைந்தவர் கைக்குத் திரும்பாது. அவர் விடவில்லை. மூலப்படம் திரும்ப வேண்டும், உரிமை வரைந்தவருக்கே என்று கேட்டுப் போராடினார். இன்று அருங்காட்சியகத்திடம் 9,000-க்கு மேல் அவருடைய படங்கள் பத்திரமாக இருப்பதற்கு அதுதான் காரணம். கேட்காமல் இருந்திருந்தால் பாதிகூட மிஞ்சியிருக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம் ஒன்று. படங்களை வழக்கத்தைவிடத் தாழ மாட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நிமிர்ந்தபடியே அதே படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.