ரெண்டு அட்டை, ஒரே மாத்திரை

அம்மாவுக்கு மூன்று மாதமாகக் கணுக்கால் வீங்கிக்கொண்டே இருந்தது. சாயங்காலமானால் செருப்பு நுழையாது. "வயசாச்சு, அப்படித்தான்" என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் ஒரு மெடிக்கலில் நிற்கும் இளைஞர், மருந்தாளுநருக்கான டி.ஃபார்ம் படித்தவர்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். (2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பக்கத்து மாவட்டம் என்றாலும் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.) நடுவில் தலைச்சுற்றல் என்று தருமபுரியில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். அங்கேயும் பிரஷர் மாத்திரை எழுதினார்கள். அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இருந்தது இரண்டிலும் அம்லோடிபின் என்ற ஒரே மருந்து. ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மெடிக்கல் தம்பிதான் கேட்டார். பையில் இருந்ததையெல்லாம் கொட்டச் சொல்லி, அட்டையின் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "ரெண்டும் ஒன்னுதாம்மா. டோஸ் கூடினா கால் வீங்கும். நீங்களா நிறுத்திடாதீங்க, நாளைக்கே டாக்டர்கிட்ட ரெண்டையும் காட்டுங்க" என்றார். காட்டினோம். டாக்டர் ஒன்றை நிறுத்தினார். பதினைந்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது.

இப்படி மருந்தாளுநரே கவனித்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் செய்த ஒரு ஆய்வு 2018இல் வெளிவந்தது. கறுப்பின ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் கடைகளுக்கே மருந்தாளுநர்களை அனுப்பி, பிரஷர் பார்க்கவும், டாக்டர்களோடு பேசிவைத்த முறைப்படி மருந்து கொடுக்கவும் வைத்தார்கள். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. "டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று முடிவெட்டுபவர் சொல்லி அனுப்பிய கடைகளில் 9 புள்ளி போலத்தான். இத்தனைக்கும் புதிதாக எந்த மருந்தையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

நம் ஊரில்? பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத்து ஃபார்மசி சட்டம் சொல்கிறது. பல கடைகளில் அவருடைய சான்றிதழ் மட்டும் கண்ணாடி போட்டுத் தொங்கும். ஆள் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். மாத்திரையை எடுத்துத் தருவது கவரில் "1-0-1" கிறுக்கப் பழகிய பையன். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் சான்றிதழை வாடகைக்கு எடுப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை செட் மாத்திரை, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் சில மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது. ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்தே வளர்ந்த ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. முட்டிவலி, இடுப்புவலி இல்லாத பெரியவர்கள் குறைவு. "ஒரு செட் குடுப்பா" என்று கேட்டு வாங்கி, டீயோடு விழுங்கிவிட்டுக் காட்டுக்குப் போகிறார்கள். வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், கிட்னியைப் பதம் பார்க்கும். சில செட்டில் ஸ்டீராய்டும் இருக்கும், அது சுகரை ஏற்றும். பிரஷர் குறையவில்லையே என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். செட் மாத்திரை கதை சீட்டில் வராதே, அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒரே ஆள் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்தான்.

அம்மா இப்போது மாத்திரை அட்டைகளையெல்லாம் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டுதான் அந்தக் கடைக்குப் போகிறார். அந்தத் தம்பி இல்லையென்றால் மருந்து வாங்காமலே திரும்பி வந்துவிடுகிறார். போன வாரம் அப்படி இரண்டு தடவை.