அப்பத்தாவின் ஆதார் வயது

தமிழ்நாட்டில் கலை, அறிவியல் கல்லூரியில் படித்தவர்கள் வீட்டில் இருக்கும் மார்க் ஷீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பலருக்குக் கடைசியில் 'பகுதி 5, விரிவாக்கப் பணி' என்று ஒரு வரி கிடக்கும். ஒரே ஒரு கிரெடிட். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), என்.சி.சி., இளைஞர் செஞ்சிலுவை, விளையாட்டு என்று ஏதோ ஒன்றில் பெயர் கொடுத்திருப்பீர்கள். அந்த ஒரு கிரெடிட் வராவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பட்டம் கிடையாது. அதனால் 'சமூகப் பணியைப் பட்டத்துக்குக் கட்டாயமாக்கலாமா' என்று யாராவது புது யோசனை மாதிரி ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆக்கி ரொம்ப வருடம் ஆகிறது. செய்தவனுக்கே தெரியாதபடி ஆக்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

நான் வேதியியல் வாத்தியார். சிவகங்கைப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராக இருந்தேன். யாரும் விரும்பிக் கேட்டு வாங்குகிற பொறுப்பில்லை அது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் யாரோ அவர் தலையில் கட்டுவார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது.

இந்தக் கட்டாயமா, விருப்பமா சண்டை ரொம்பப் பழையது. 1959-இல் முன்னாள் நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போக நினைக்கிற எல்லோருக்கும் தேசப் பணியைக் கட்டாயமாக்கலாம் என்றது அந்தக் குழு. அப்புறம் கல்வியாளர் கே.ஜி.சையதைன் வெளிநாடுகளில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, விருப்பமுள்ளவர்கள் செய்தால் போதும் என்றார். கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு என்.எஸ்.எஸ். ஆரம்பித்தது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். தாளில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த ஏழு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதல் நாள் தொடக்க விழா, பொன்னாடை, ஃப்ளெக்ஸ். இரண்டாம் நாள் கோயில் வளாகத்தில் புல் செதுக்குவோம். மூன்றாம் நாள் மரக்கன்று. நான்காம் நாள் மருத்துவ முகாம். நடுவில் ஒரு நாள் டெங்கு ஊர்வலம். கடைசி நாள் நிறைவு விழா, மறுபடியும் பொன்னாடை. ஒவ்வொன்றுக்கும் ஜியோ டேக் போட்டோ முக்கியம்; கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் கமிட்டி வரும்போது தேதியும் இடமும் படத்திலேயே தெரிய வேண்டும். ஒருமுறை மரக்கன்று நட்ட பிறகுதான் போனில் லொக்கேஷன் ஆன் செய்யவில்லை என்று கண்டுபிடித்தோம். பிடுங்கி மறுபடி நட்டோம். நான்தான் பிடுங்கச் சொன்னேன்.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா கேட்டது: "ஏப்பா, போன வருசம் நட்டதுக்கே நாங்கதான் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கோம். நீங்க படம் புடிச்சுட்டுப் போயிருவிய. இதுக்கு யாரு ஊத்துறது?"

பையன்கள் சிரித்தார்கள். பி.காம். இரண்டாமாண்டுப் பையன் ஒருவன் மட்டும் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான். பேச்சுவாக்கில் முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று கேட்டிருக்கிறான். வரவில்லை. ஏன்? ஆதார் அட்டையில் வயது 57. அறுபது ஆனால்தான் கிடைக்கும். அப்பத்தாவைப் பார்த்தால் எழுபதுக்குக் குறையாது. பையன் கணக்குப் படிக்கிறவன் இல்லையா, மூத்த மகனின் ஆதாரையும் வாங்கிப் பார்த்தான். 48. "சார், இந்த அட்டைப்படி ஒன்பது வயசுல தாயாயிருக்காங்க சார்" என்று என்னிடம் ஓடி வந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் கண்ணில் பாடம். பிறந்த தேதியை மாற்ற ஆவணம் கேட்கிறார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவரிடம் என்ன ஆவணம் இருக்கும்? இ-சேவை மையத்தில் போய்க் கேட்டான். வி.ஏ.ஓ.வைப் பார்த்தான். தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை அலைந்தான். ஒருமுறை நானும் கூடப் போனேன். 'சிஸ்டத்துல ஏத்துக்காது' என்ற பதிலை எத்தனை விதமான குரலில் சொல்லலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அப்போது உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய் (2023-இல் 1,200 ஆக்கினார்கள்). நடந்தே போகிற தூரத்தில் இருந்தும் அந்தப் பணம் ஏன் ஒருவருக்கு எட்டவில்லை என்பதை அவன் ஒவ்வொரு கவுண்டராக நின்று படித்தான். எந்தப் பேராசிரியராலும் அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது.

அவன் அலைந்ததற்கு எங்கள் ரெக்கார்டில் கட்டம் கிடையாது. புல் செதுக்கியதற்கு இருக்கிறது.

'கட்டாயப்படுத்தினால் அது எப்படிச் சேவை ஆகும்' என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் லேபில் டைட்ரேஷன் (நிறம் மாறும்வரை கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை) கட்டாயம். எந்தப் பையனும் பிப்பெட் மேல் காதல் கொண்டு வருவதில்லை. ஆனாலும் பத்தாவது தடவை செய்யும்போது கை பழகிவிடுகிறது, கண் நிறத்தைப் பிடித்துவிடுகிறது. மனசு பிறகு வந்தால் வரட்டும். சேவை என்ற சொல்லில் இருக்கும் புனிதத்தைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டுப் பாடம் என்று பார்த்தால், கட்டாயம் என்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. மெக்சிகோவில் சமூகப் பணி முடிக்காமல் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, குறைந்தது 480 மணி நேரம். மருத்துவ மாணவர்கள் 1936 முதல் ஊர்ப்புறங்களுக்குப் போகிறார்கள். அங்கேயும் குறைகள் உண்டு. தனியாகக் கிராமத்தில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய புகார் இன்றைக்கும் ஓயவில்லை. ஆனால் அது போட்டோவோடு முடிகிற வேலை இல்லை.

எனக்கு உறுத்துகிற எதிர்ப்பு வேறு ஒன்று. எங்கள் கல்லூரியில் பாதிக்கு மேல் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். சாயங்காலம் ஜவுளிக்கடை, முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போகிறவர்கள். ஏழு நாள் முகாம் என்றால் ஏழு நாள் கூலி போச்சு. ஒருமுறை மண்வெட்டி பிடிக்காமல் ஓரமாக நின்ற பையனை அதட்டினேன். "எங்கம்மா நூறு நாள் வேலைக்கு இதே மாதிரி கம்மாயிலதான் சார் நிக்கிறாங்க" என்றான். அவன் திமிராகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்தவனை மறுபடி கிராமத்துக்குக் கூட்டிப்போய் மண்ணைக் காட்டி 'இதுதான் சமூகம், கற்றுக்கொள்' என்பதில் எவ்வளவு அபத்தம் இருக்கிறது! அவனுக்கு மண்வெட்டி தெரியும். தாலுகா ஆபீஸ் தெரியாது. பட்டா நகல் எப்படி வாங்குவது, கிராம சபையில் எந்தக் கேள்வியைக் கேட்டால் தீர்மானத்தில் ஏறும், வங்கியில் கல்விக்கடன் மறுத்தால் யாருக்கு எழுதுவது, இதெல்லாம் தெரிந்தால் அவன் ஊருக்கும் ஆகும், அவன் வீட்டுக்கும் ஆகும். நேரத்தையும் வகுப்பு நேரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கக் கூடாது.

சரி, கட்டாயம் என்றால் யாருக்குக் கட்டாயம்? முதலில் கல்லூரிக்கு. ஒரு ஊரைத் தத்தெடுத்தால் பத்து வருடமாவது அதே ஊர். போன வருடம் எந்த வேலை பாதியில் நின்றதோ அங்கிருந்து இந்த வருடப் பிள்ளைகள் ஆரம்பிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பில் சில வருடங்களாக இதைக் கொண்டுவந்திருக்கிறார்கள்: ஒவ்வொரு மாணவரும் முதலாண்டிலேயே சில குடும்பங்களை எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் இறுதியாண்டில் கிராமத்திலேயே தங்குகிறார்கள். மாட்டுத் தீவனத்துக்கு அசோலா வளர்ப்பு, பூச்சி பிடிக்க மஞ்சள் நிற ஒட்டும் பொறி என்று மாவட்டச் செய்திப் பக்கத்தில் அவர்கள் படம் அடிக்கடி வரும். போட்டோ அங்கேயும் உண்டுதான், ஆனால் படித்த படிப்போடு ஒட்டிய வேலை. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் ஊரில் தங்கிக் கற்பதைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஆக, வழி தெரியாமல் ஒன்றும் இல்லை.

வேதியியல் மாணவன் ஊர்க் கிணறு ஒவ்வொன்றிலும் வருடா வருடம் தண்ணீரைச் சோதித்து, உப்பும் ஃப்ளோரைடும் எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். என் லேபில் இருக்கும் சாமானை வைத்தே அதில் பாதி வேலை முடியும். மூன்று வருடத்தில் நான் அதைச் செய்யவில்லை. புல் செதுக்கினேன்.

இன்னொன்றையும் செய்யவில்லை. மூன்றாம் வருடம் 'ஒரே ஊருக்கே போனால் ரிப்போர்ட் ஒரே மாதிரி இருக்கிறது, வேறு ஊர் எடுங்கள்' என்று மேலே இருந்து சொன்னார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த பி.காம். பையனுக்கும் செமஸ்டர் தேர்வு வந்துவிட்டது. அப்பத்தாவின் காகிதங்கள் ஒரு மஞ்சள் பையில் என் பீரோவில் கொஞ்ச நாள் இருந்தன. அப்புறம் ஒருநாள் அந்த ஊர்ப் பையன் ஒருவனிடம் கொடுத்து அனுப்பினேன்.

இந்தப் பொங்கலுக்கு அந்த பி.காம். பையன் போன் செய்தான். திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறானாம். நலம் விசாரித்து முடித்துவிட்டு, "அப்பத்தாவுக்குப் பணம் வந்துச்சா சார்?" என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் அந்த ஊருக்குப் போகவில்லை.