வேலைக்கு வந்தவரின் சிறுநீரில் எதைத் தேடுகிறோம்?

கசகசா தூவிய ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய், போதைப்பொருள் சோதனையில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஜோக் இல்லை. கசகசா அபினிச் செடியின் விதை. அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிறுநீரில் தெரியும். அமெரிக்க அரசின் சோதனைத் திட்டத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் இருந்தாலே முதல் சோதனையில் 'பாசிட்டிவ்' என்று வைத்திருந்தார்கள். 1998இல்தான் அந்த வரம்பை 2,000 ஆக்கினார்கள்.

"தப்பு செய்யாதவன் எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கசகசாக் கதையைத்தான்.

சோதனையே கூடாது என்பவன் இல்லை நான். 1987 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கஞ்சா புகைத்திருந்த ஓட்டுநர் சிக்னலைத் தாண்டி ரயில் எஞ்சின்களைப் பாதையில் கொண்டுவந்து நிறுத்தினார். வேகமாக வந்த பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். அந்த மாதிரி வேலையில் இருப்பவரைச் சோதிக்கச் சட்டம் இடம் கொடுக்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு: யாரை, எந்த ஆதாரத்தின் மேல், எதற்காகச் சோதிக்கிறோம்?

இதே கேள்வி 1989 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகளாக வந்து நின்றது. ஒன்று, விபத்துக்குப் பிறகு ரயில்வே ஊழியர்களைச் சோதிப்பது. இன்னொன்று, சுங்கத்துறையில் சில பதவிகளுக்குப் போகிறவர்களைச் சோதிப்பது. இரண்டும் செல்லும் என்றே தீர்ப்பு. ஆனால் நீதிபதி ஸ்காலியாவைப் பாருங்கள். பழமைவாதி என்று பெயரெடுத்தவர். ரயில்வே வழக்கில் சோதனைக்கு ஆதரவாக நின்றவர், சுங்க வழக்கில் எதிர்த்து எழுதினார். ரயில்வேயில் போதையால் விபத்து நடந்ததற்குப் பதிவுகள் இருந்தன. சுங்கத்துறையில் சுமார் 3,600 பேரைச் சோதித்ததில் மாட்டியது 5 பேர். பிரச்சினை இருப்பதற்கான ஆதாரமே இல்லாமல் எதற்கு ஊழியரின் மானத்தை வாங்குகிறீர்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். மற்ற விஷயங்களில் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இதில் அவர் பக்கம்தான்.

கனடா இன்னும் தெளிவாகச் சொன்னது. நியூ பிரன்சுவிக்கில் ஒரு காகித ஆலை, ஆபத்தான பணிகளில் இருப்பவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து மது சோதனைக்கு ஊதச் சொன்னது. 15 ஆண்டுகளில் அங்கே பதிவானது 8 மது சம்பவங்கள். திட்டம் நடந்த 22 மாதங்களில் குலுக்கலில் ஒருவர்கூட மாட்டவில்லை. ஆபத்தான இடம் என்பது மட்டும் போதாது, போதைப் பழக்கம் அங்கே பிரச்சினையாக இருப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தைச் செல்லாது என்றது.

அப்புறம் அறிவியல். கஞ்சாவுக்கான சிறுநீர்ச் சோதனை தேடுவது போதையை அல்ல, உடல் அதை உடைத்த பிறகு மிஞ்சும் எச்சத்தை. தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு அது வாரக்கணக்கில் தங்கும். கொக்கெய்ன் சில நாளில் போய்விடும், மது அதைவிட வேகமாக. ஆக, மூன்று வாரத்துக்கு முன் விடுமுறையில் புகைத்ததோடு நிறுத்தியவர் மாட்டலாம். நேற்று இரவு முழுக்கக் குடித்துவிட்டுத் தலை கனக்க வேலைக்கு வந்தவர் அதே சோதனையில் சுத்தமாக வெளியே போகலாம். இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? கலிபோர்னியா இதைப் புரிந்துகொண்டு, வெறும் எச்சத்தை வைத்து வேலை மறுப்பதையும் நீக்குவதையும் 2024 ஜனவரி முதல் தடுத்திருக்கிறது. கட்டுமானத் தொழில் போன்ற சில விலக்குகள் உண்டு.

ஒரு விஷயத்தைப் பலர் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டு 'போதையற்ற பணியிடச் சட்டம்' யாரையும் சோதிக்கச் சொல்லவில்லை. கொள்கையை எழுதி வை, ஊழியருக்குச் சொல் என்பதுதான் அதன் அடிப்படை. மேலே சொன்ன இரண்டு அமெரிக்க வழக்குகளுக்கும் அடிப்படையான, நியாயமில்லாமல் ஒருவரைச் சோதனையிடக் கூடாது என்ற அரசியல் சாசனப் பாதுகாப்பும் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் முதலாளிக்கு மாநிலச் சட்டமும் ஒப்பந்தமும்தான் கடிவாளம். சில இடங்களில் அந்தக் கடிவாளமும் இல்லை.

சோதிக்கத்தான் போகிறீர்களா? சரி, ஒழுங்காகச் செய்யுங்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிகளில் எனக்குப் பிடித்த பகுதி இது: மாதிரியை இரண்டு குப்பிகளாகப் பிரிப்பார்கள். சந்தேகம் வந்தால் இன்னும் நுட்பமான முறையில் உறுதிசெய்வார்கள். அதன் பிறகும் முடிவு நேராக முதலாளியிடம் போகாது. ஒரு மருத்துவர் முதலில் ஊழியரிடம் பேசுவார்: ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா, சீட்டு இருக்கிறதா என்று. ஊழியர் 72 மணி நேரத்துக்குள் கேட்டால் இரண்டாவது குப்பி வேறொரு ஆய்வகத்துக்குப் போகும். இது எதுவும் இல்லாமல், கடையில் வாங்கிய சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்து ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிப்பதை எந்தச் சட்டமும் அனுமதிக்கக் கூடாது.

எனக்கே தடுமாற்றம் உள்ள இடம், விபத்துக்குப் பிந்தைய சோதனை. மேரிலாந்தை நினைத்தால் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் காயம்பட்ட எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தால், ஊழியர்கள் காயத்தையே மறைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்புத் துறை 2016இல் எச்சரித்தது. விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இயந்திரத்தின் முன் நிற்பவரை எந்தக் குப்பியும் காட்டிக்கொடுக்காது.