செக்கப்புக்குப் போகிற நாளில் ஒரு மணி நேரம்

குமரி மாவட்டத்தில் எங்கள் மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரத்தில் மூன்றே காரியம்தான். ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காழ்ச்சபங்களா. மிருகக்காட்சிசாலையும் மியூசியமும் சேர்ந்த வளாகத்துக்குப் பழைய ஆட்கள் சொல்கிற பெயர் அது. என் அம்மா இன்றைக்கும் அப்படித்தான் சொல்வாள். அவள் கணக்கில் காழ்ச்சபங்களா என்றால் புலியும் நீர்யானையும். அதே மதிலுக்குள் ஓவியர் ரவி வர்மா இருக்கிறார், கே.சி.எஸ். பணிக்கர் இருக்கிறார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. எனக்கும்தான். முப்பது வயதுக்குள் அந்தப் புலியை ஆறு தடவை பார்த்திருக்கிறேன் (ஆறு தடவையும் ஒரே புலியா என்று தெரியாது). படங்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு ஆர்ட் எல்லாம் புரியாது மக்கா" என்று சொல்லி நழுவுகிற நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் அம்மாவைச் செக்கப்புக்குக் கூட்டிப் போயிருந்தேன். காலையில் ரத்தம் எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் வந்து டாக்டர் பார்க்க மூன்று மணி ஆகும். வழக்கமாக இந்த நேரத்தை நாங்கள் கேன்டீனில் கழிப்போம்: ஒரு சாயா, ஒரு பழம்பொரி, பக்கத்து பெஞ்சுக்காரரின் வியாதி வரலாறு. அன்றைக்கு என்னவோ தோன்றி ஓர் ஆட்டோ பிடித்து மியூசியத்துக்கு வந்துவிட்டேன். அம்மா, "இந்த வயசுல எனக்கு புலி பாக்கணுமா?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ரவி வர்மாவின் படங்கள் முன்பு அங்கே ஸ்ரீ சித்ரா ஆர்ட் கேலரியில் இருந்தன. 1935-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் திறந்தது அது. 2023-இல் அதே வளாகத்தில் ரவி வர்மாவுக்கென்றே தனியாக ஒரு கேலரி திறந்தார்கள். உள்ளே போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இது காலண்டர் படமில்லா மக்களே?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 1894-இல் அந்த மனிதர் பம்பாயில் அச்சகம் போட்டு லட்சுமியையும் சரஸ்வதியையும் ஆயிரக்கணக்கில் அச்சடித்து விற்றார். அதன் பேரன் பேத்திகள்தான் நம் வீட்டுப் பூஜை அறையில், தீப்பெட்டியில், பாத்திரக்கடை காலண்டரில் தொங்குகிறவை. எங்கள் வீட்டுச் சரஸ்வதிக்குச் சட்டம் துருப்பிடித்து, வீணையின் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. அச்சைத்தான் மூன்று தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். எண்ணெய்ச் சாயத்தில் அவர் கையால் தீட்டியதைப் பார்த்ததில்லை.

தமயந்தியும் அன்னமும் இருக்கிற படத்துக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டாள். 1899-இல் வரைந்தது. தமயந்தி சிவப்புச் சேலை கட்டி நிற்கிறாள், பக்கத்தில் கல்கட்டையில் அன்னம். நளனைப் பற்றி அது சொல்வதைக் கேட்கிறாள். அம்மா கதையைப் பார்க்கவில்லை, சேலையைப் பார்த்தாள். நாற்பது வருடம் ஜவுளிக்கடைகளில் துணியை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்த கண். கரைச் சரிகையைப் பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். காவலுக்கு நின்ற சேச்சி லேசாக இருமினாள். அம்மா பின்னால் நகர்ந்தாள், மறுபடி முன்னால் போனாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "கிட்ட போனா சரிகை இல்ல, வெறும் மஞ்சச் சாயம் தேச்சி விட்டிருக்கான். நாலு எட்டு பின்னால வா, பாரு, மினுங்குது" என்றாள். ஓவியக் கல்லூரியில் எத்தனை வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுப்பார்களோ. அவளுக்கு அரை நிமிடம் ஆனது.

ரவி வர்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. சாமி என்றால் இப்படித்தான், சிவந்த நிறம், நீண்ட மூக்கு, பட்டுச்சேலை என்று ஊர் முழுக்க ஒரே முகத்தை ஒட்டிவிட்டார். எங்கள் ஊர் இசக்கிக்கும் சுடலைமாடனுக்கும் அந்த முகம் வந்து சேரவில்லை. நல்ல காலம். இசக்கி அவர் கையில் சிக்கியிருந்தால் பிள்ளையை வாயில் கவ்விக்கொண்டு நிற்பதற்குப் பதிலாகத் தாமரைக் குளத்தங்கரையில் யோசித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்காகவே சொல்கிறேன். இளம் வயதில் ரவி வர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது எண்ணெய்ச் சாயம் தெரிந்த ஆள் அங்கே மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர். அவர் சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார். அவரிடம் வேலை கற்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வந்து ரவி வர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். 1874-இல் மதராஸ் கண்காட்சியில் ரவி வர்மாவுக்குப் பரிசு வாங்கித் தந்த படத்தில் சரபத் என்கிற வாத்தியம் வாசிக்கிறவளும் ஒரு தமிழ்ப் பெண்தான். ஆறுமுகம் பிள்ளை வரைந்த ஒரு படத்தைக்கூட நான் எங்கும் பார்த்ததில்லை. திருவனந்தபுரம் போகும்போதெல்லாம் அந்த மனிதர் ஞாபகம் வருகிறது. ராத்திரி, விளக்கு, மூடிய கதவு, எண்ணெய் வாசனை.

நேப்பியர் மியூசியத்தை நான் அவசரமாகக் கடந்துவிடுவேன். ராபர்ட் சிசோம் கட்டியது, 1880-இல் முடிந்தது. சென்னை கடற்கரையில் செனட் ஹவுஸ் கட்டிய அதே ஆள். செப்புத் திருமேனிகளும் தந்தச் செதுக்குகளும் உள்ளே இருக்கின்றன. மேடத்து (சித்திரை மாத) வெயிலிலும் உள்ளே குளுமையாக இருக்கும். ஒன்றும் பார்க்காவிட்டாலும் அதற்காகவே ஒரு சுற்று வரலாம்.

அம்மா வாயடைத்து நின்ற இடம் பணிக்கர் கேலரி. அதுவும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது, 1979 முதல். ஆட்கள் பாதி பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். மதராஸ் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966-இல் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று அந்தக் காசில் சோறு தின்று படம் வரைந்த கூட்டம் அது. இவர் தமிழ்நாட்டு ஓவியரா, கேரளத்து ஓவியரா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இரண்டு மாநிலத்துக்கும் எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது?

1963-இலிருந்து அவர் 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசை வரைந்தார். அதில் மரம், பறவை, மனித உருவம் எல்லாம் ஒதுங்கி ஓரத்தில் நிற்கும். நடுவில் வரிவரியாக எழுத்து. தூரத்திலிருந்து மலையாளம் மாதிரி இருக்கும், கிட்டே போய் வாசிக்கப் பார்த்தால் பிடி கொடுக்காது. இடையில் கணக்கு, கோடு, கட்டம். நான் முதல் தடவை போனபோது ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். என்னையும் அந்தப் 'புரியாது' கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலைக் காற்றில் வைத்துக் கட்டம் கட்டமாக எண்ணினாள். "இது ஆருக்க ஜாதகம்?" என்றாள். படம்மா, ஜாதகம் இல்லை என்றேன். "கட்டம் போட்டிருக்கான், எழுத்து எழுதியிருக்கான், ஓரத்துல குருவி இருக்கு. பணிக்கரு எழுதினா ஜாதகம் இல்லாம பின்ன என்னது?" எங்கள் ஊரில் ஜோசியம் பார்க்கிறவருக்கும் பணிக்கர் என்றுதான் பேர். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. செவ்வாய் எங்கே இருக்கிறது என்று தேடினாள். கிடைக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போனாள், அங்கேயும் தேடினாள். இருபத்தைந்து நிமிடம்.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் எடுத்துக்கொண்டது நம் வீட்டுப் பீரோவில் மஞ்சள் தடவி மடித்து வைத்திருக்கிற காகிதத்தைத்தான். மேலைநாட்டு ஓவியனுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தவர் ஜாதகக் கட்டத்தையும் ஏட்டு எழுத்தையும் எடுத்து வைத்தார். படித்த நான் அதை 'மாடர்ன் ஆர்ட்' என்று பயந்து ஓடினேன். அம்மா அதை வாசிக்க முயன்றாள். வாசிக்க முடியாத எழுத்தை வாசிக்க முயல்வதுதான் அந்தப் படத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை என்றால், அதை அவளைவிட ஒழுங்காகச் செய்த ஆளை நான் பார்த்ததில்லை.

இசக்கியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? யட்சிதான் இயக்கியாகி இசக்கியானாள் என்பார்கள். சிதறால் மலையில் சமணர்கள் செதுக்கி வைத்திருக்கிற இயக்கியை நம்மில் பலர் பகவதி என்று கும்பிட்டிருக்கிறோம். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் மலம்புழைத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்த யட்சி உட்கார்ந்திருக்கிறாள். துணியில்லாமல், காலை விரித்து, மலையைப் பார்த்துக்கொண்டு. கானாயியும் மதராஸில் படித்தவர். அந்தக் காலத்தில் அதற்குப் பெரிய எதிர்ப்பு. மண்ணால் செய்த இசக்கியை நேரில் பார்த்து வளர்ந்தவனுக்கு அவளிடம் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. அதே கானாயி செய்ததுதான் சங்குமுகம் கடற்கரையில் படுத்திருக்கிற சாகரகன்னிகையும். ஏர்போர்ட்டுக்கு ஆளை விடப் போகிறவர்கள் வண்டியைத் திருப்பும்போது பார்த்திருப்பீர்கள். டிக்கெட்டே இல்லை.

சரி, கொச்சி. 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய பினாலே என்கிற கலைக் கண்காட்சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று கணக்கு, கொரோனா வந்து கணக்கு தவறியது. ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் மிளகும் கயிறும் அடைத்து வைத்த பழைய கிடங்குகளில் நடக்கும். உண்மையைச் சொன்னால் அங்கே மாட்டியிருப்பதில் பாதி எனக்கு ஒட்டாது. ஒரு அறையில் டிவி ஓடும், யாரோ நடந்துகொண்டே இருப்பார், பக்கத்தில் ஒரு பக்கத்துக்கு விளக்கம் ஒட்டியிருக்கும். விளக்கம் படத்தைவிடப் பெரிதாக இருந்தால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

ஆனால் 2017 ஜனவரியில் ஒன்று பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான சின்னத்துறைக்காரன் ஒருத்தன், என்னோடு காலேஜில் படித்தவன், அவனும் வந்திருந்தான். ஆஸ்பின்வால் கிடங்கு ஒன்றில் கடல்நீரை நிரப்பி வைத்திருந்தார்கள். சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டாவின் வேலை. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். சுவரில் கேள்வி கேள்வியாக வரிகள்: கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்கிற மாதிரி. கடைசிச் சுவரில் காலிப் குர்தி என்ற பையனைப் பற்றி ஒரு கவிதை. கரையில் குப்புறக் கிடந்த சிரியாக் குழந்தை ஆலனின் படம் உலகம் முழுக்கப் போனதே, அந்தக் குழந்தையின் அண்ணன். அவனும் அன்றைக்கு மூழ்கித்தான் போனான். அவனுக்கு அப்படி ஒரு படம் இல்லை.

நண்பன் வெளியே வந்து காலை உதறிக்கொண்டே, "எடே, கடத்தண்ணில நடக்கதுக்கு நான் டிக்கெட் எடுத்து கொச்சிக்கு வரணுமா? எனக்க வீட்டு வாசல்ல இல்லியா கெடக்கு" என்றான். இருவரும் சிரித்தோம். அந்த வருடம் நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை, உடல்கூடக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். ஆளுயர பேனரில் வரிசையாகப் பாஸ்போர்ட் சைஸ் படங்களைப் பெரிதாக்கிக் கட்டியிருந்தார்கள். ரேஷன் கார்டிலிருந்து எடுத்தது, கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. அதற்கு முன்னால் நின்றுகொண்டு அவன் என்னிடம், "அந்த கொச்சித் தண்ணி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

'புரிந்ததா' என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? பத்து மாதம் கழித்துப் புரிந்தது.

கொச்சி வரை போகிறவர்கள் மட்டாஞ்சேரி அரண்மனையையும் விடாதீர்கள். சுவர் முழுக்க ராமாயணம். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். திருவனந்தபுரத்தில் மியூசியங்களுக்குத் திங்கள் லீவு, புதன் காலையும் திறக்க மாட்டார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் குலசேகரம் பக்கத்தில் திருநந்திக்கரை குகைக் கோயில் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஓவியத்தின் துண்டுகள், கோடுகள் மட்டும், சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கண்ணைப் பழக்கிக்கொண்டால்தான் தெரியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டடம் போதும். பாதியில் கால் வலித்தால் உட்காருங்கள், உட்கார்ந்து ஒரே படத்தைப் பாருங்கள்.

கூச்சம் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். எர்ணாகுளத்தில் ஒரு தனியார் கேலரிக்குள் வேட்டியோடு நுழைந்தேன். பெயர் வேண்டாம். மேசையில் இருந்த பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆரெ காணானா?" என்று கேட்டது. யாரைப் பார்க்க வந்தேன் என்று. "படத்தெ காணான்" என்றேன். ஏசி குளிரில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பாதிப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. அது வேறு விஷயம்.

அம்மாவின் ரிப்போர்ட் அன்றைக்கு நல்லபடியாகவே வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பாறசாலை தாண்டுகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த ஜாதகத்துல செவ்வா இல்லாம இருக்காது, நான்தான் சரியா பாக்கல" என்றாள். அடுத்த செக்கப் வியாழக்கிழமைக்குப் போட்டிருக்கிறார்கள். பழைய கண்ணாடி தூரத்துக்குச் சரியில்லை, அதற்குள் புதுசு வாங்கித் தா என்கிறாள்.