சத்தம் போட்டால் கேக் அமுங்கிவிடும்

இடம், சென்னை மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி வீடு ஒன்றின் அடுப்படி. நேரம், மே மாத ஞாயிற்றுக்கிழமை மாலை 3.40. கூடத்தில் ஐபிஎல் ஆட்டம் ஓடுகிறது, ஆனால் டிவியில் சத்தம் இல்லை. சிக்ஸர் பறந்தால் ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு குதிக்கிறார்கள். அடுப்படிக் கதவில் ஒட்டியிருக்கும் தாள்தான் காரணம்: 'கேக் வேகிறது. சத்தம் போட்டால் அமுங்கிவிடும். 4.15 வரை யாரும் வர வேண்டாம்.'

உள்ளே ஓவனின் டைமர் டிக் டிக் என்று ஓடுகிறது. கவிதா அரிசி டிரம்மின் மேல் சம்மணமிட்டுக் காபி குடிக்கிறாள். பேரப்பிள்ளைகளின் லீவுக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் மாமியார், கதவை ஒரு சாண் திறந்து தலையை மட்டும் நீட்டுகிறார். இனி வரும் பேச்சு முழுவதும் கிசுகிசுப்புதான். வாசிக்கிறவர்களும் குரலை இறக்கிக்கொள்ளவும்.

அத்தை: உள்ளே வரலாமா?

கவிதா: வாங்க அத்தை. மெதுவாக. கதவைச் சாத்திவிடுங்கள்.

அத்தை: வளையல் குலுங்காமல் கையோடு பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்கிறான் உன் புருஷன். பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது?

கவிதா: பாவம், பயந்துபோயிருக்கிறார். போன தடவை கேக் நடுவில் குழி விழுந்ததற்கு அவர் போட்ட 'அவுட்'தான் காரணம் என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தை: சத்தத்துக்கா குழி விழும்?

கவிதா: நுணுக்கமான வேலை அத்தை இது. பத்து நிமிடம் முன்னாலேயே ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். பாதி வேக்காட்டில் கதவைத் திறந்தால், பொங்கி நிற்கிற கேக் அப்படியே உட்கார்ந்துவிடும்.

அத்தை: கதவைத் திறந்தால், சரி. நான் கேட்டது சத்தத்தை.

கவிதா: (காபியை ஒரு வாய் உறிஞ்சி) சத்தமும் ஒரு வகையில் காற்றுதானே அத்தை.

அத்தை: ம். கொஞ்சம் நகரு, நானும் டிரம்மில் உட்காருகிறேன். முட்டி வலிக்கிறது.

கவிதா: ஐயோ, வேண்டாம்! மூடி தாங்காது. இந்தாங்க, ஸ்டூல்.

அத்தை: நான் உன்னைவிட ஒல்லி.

கவிதா: அதனால்தான் ஸ்டூல். உங்களுக்கு அது போதும்.

(அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்க்கிறார்.)

அத்தை: ஏளா, ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. பிரிட்ஜில் ஒரு பாட்டிலில் மாவு புளித்துப் பொங்கிக் கிடந்ததே?

கவிதா: (காபி டம்ளர் பாதி வழியில் நிற்கிறது) கிடந்ததே என்றால்?

அத்தை: நேற்று ராத்திரி நீ அமெரிக்காக்காரனோடு பேசிக்கொண்டிருந்தாய். இவர்களுக்குப் பசி. நாலு சின்ன வெங்காயம் அரிந்து போட்டு ஊத்தப்பம் ஊற்றிவிட்டேன்.

கவிதா: அத்தை! அது சவர்டோ ஸ்டார்ட்டர், ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற உறை மாவு! மூன்று வாரமாக வளர்க்கிறேன்!

அத்தை: வளர்க்கிறாயா? கோழியா அது?

கவிதா: கோதுமை மாவும் தண்ணீரும் சம எடை போட்டுக் கலந்து, தினமும் அதில் பாதியைக் கொட்டிவிட்டு, மீதிக்குப் புது மாவு போட்டு...

அத்தை: நில்லு. பாதியைக் கொட்டுவதா? நல்ல மாவையா?

கவிதா: கொட்டாவிட்டால் அது பெருகிக்கொண்டே போகும் அத்தை. அத்தனைக்கும் தீனி போட முடியாது.

அத்தை: நாற்பது வருஷமாக மாவு புளிக்க வைக்கிறேன். ஒரு நாள்கூட எந்த மாவுக்கும் நான் தீனி போட்டதில்லை. அதுதான் எங்களுக்குத் தீனி போடும்.

கவிதா: (பெருமூச்சு) சரி, ஊத்தப்பம் எப்படி இருந்தது?

அத்தை: உன் புருஷன் நாலு தின்றான். 'ரப்பர் மாதிரி இழுக்குதும்மா' என்றான். ஐந்தாவது வேண்டுமா என்று கேட்டேன். யோசித்தான்.

கவிதா: மூன்று வாரம்! சாத்துக்குடி ஜூஸ்கூடப் பிழிந்து குடிக்க நேரமில்லாதவள், அதற்கு வேளாவேளைக்குப் போட்டேன். போன வாரம் ஒரு ரொட்டிக்கு மாவு பிசைந்தேன், எப்போது தெரியுமா? ஆபீஸ் மீட்டிங் நடக்கும்போதே. கேமரா ஆஃப். மாவைத் தூக்கித் தூக்கி மேடையில் அடிக்கிறேன். மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டார். 'யார் வீட்டிலோ யாரையோ அடிக்கிறார்கள், போலீசுக்குச் சொல்லலாமா' என்கிறார். அப்புறம் பார்த்தால் நான் மியூட் போடவில்லை.

அத்தை: அந்தச் சத்தமா! நீ போர்வை துவைக்கிறாய் என்று நினைத்தேன்.

கவிதா: அந்த ரொட்டியும் சரியாக வரவில்லை. 'அறை வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள்' என்று செய்முறையில் எழுதியிருக்கிறான். எந்த அறை? அவன் ஊர் அறையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நம் அடுப்படி 36 டிகிரி. நாலு மணி நேரத்தில் மாவு பாத்திரத்தை விட்டு இறங்கி மிக்ஸி வரைக்கும் நடந்து வந்துவிட்டது. வெண்ணெயும் அப்படித்தான். 'அறை வெப்பத்தில் இளகட்டும்' என்று வெளியே வைத்தால் இன்னும் கொஞ்சத்தில் நெய்யாகிவிடும்.

அத்தை: இவ்வளவு பாடு எதற்கு? தெருமுனையில் பேக்கரி இருக்கிறது. எங்கள் ஊர் என்றால் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வந்து வைத்தால் வந்த விருந்தாளி எழுந்திருக்க மாட்டான்.

கவிதா: மக்ரூன் பேச்சை எடுக்காதீர்கள். போன தீபாவளிக்குச் செய்துபார்த்தேன். வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மூன்றே பொருள், மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, என்ன கஷ்டம் என்று இறங்கிவிட்டேன். உங்கள் ஊரில் உப்பளம் காய்கிற வெயில். இங்கே அடைமழை. சர்க்கரை ஈரத்தை இழுத்து எல்லாம் பசையாகிவிட்டது. சின்னவன் அதை வைத்து ஸ்கூல் சார்ட்டில் இந்திய வரைபடம் ஒட்டினான். இன்னும் பிரியவில்லையாம்.

அத்தை: மஞ்சள் கரு?

கவிதா: பன்னிரண்டு மிஞ்சியது. மூன்று நாள் முட்டைப் பொரியல். உங்கள் மகன், 'என்ன, இந்தக் கோழிக்கு மஞ்சள் காமாலையா' என்று கேட்டார்.

(அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அந்த நேரம் பார்த்து மின்விசிறி நிற்கிறது. கூடத்தில் டிவியும் அணைந்திருக்க வேண்டும். ஓசையில்லாத ஒரு புலம்பல் கேட்கிறது. ஓசையில்லாமல் எப்படிக் கேட்கும் என்று கேட்காதீர்கள், கிரிக்கெட் பார்க்கிற வீடுகளில் கேட்கும்.)

அத்தை: கரண்ட் போச்சு.

கவிதா: ம். (காபியின் கடைசி வாயை நிதானமாகக் குடிக்கிறாள்.)

அத்தை: (கதவருகே போய்க் காது கொடுத்துவிட்டு வருகிறார்) உன் புருஷன் அழாத குறையாகக் கேட்கிறான், கேக்குக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று.

கவிதா: ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடுங்கள்.

அத்தை: சொல்லிவிட்டேன். (ஓவனைப் பார்க்கிறார்) கரண்ட் போன பிறகும் இது டிக் டிக் என்கிறதே?

கவிதா: டைமர் மட்டும் சாவி கொடுக்கிற கடிகாரம் மாதிரி அத்தை. முறுக்கிவிட்டால் தானாக ஓடும்.

அத்தை: ஓகோ. (மூக்கை உறிஞ்சுகிறார்) என்ன கேக்?

கவிதா: வாழைப்பழ கேக். தோல் கறுத்த பழம் நாலு, தயிர், சமையல் சோடா. தயிரின் புளிப்பு பட்டால்தான் சோடா பொங்கும்.

அத்தை: கறுத்த பழத்தை நாங்கள் மாட்டுக்குப் போடுவோம். அது கிடக்கட்டும். வாழைப்பழத்தைச் சூடு பண்ணினால் தெருவே மணக்கும். நான் வந்து கால் மணி நேரமாகிறது. இந்த அடுப்படியில் காபி வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை.

கவிதா: உங்களுக்குச் சளி பிடித்திருக்கிறதோ என்னவோ.

அத்தை: விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தேன் பார், அப்போது மணத்தது. பக்கத்து வீடு என்று நினைத்தேன்.

கவிதா: ...பக்கத்து வீடாகத்தான் இருக்கும்.

அத்தை: பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. லீவுக்குக் கும்பகோணம் போயிருக்கிறார்கள். (எழுந்து ஓவனின் கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைக்கிறார்.) ஏளா.

கவிதா: அத்தை, சுடும்!

அத்தை: சுடும் என்றுதான் நானும் வைத்தேன். பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கிறது. (குனிந்து உள்ளே பார்க்கிறார். ஓவன் காலி. நிமிர்ந்து மருமகளைப் பார்க்கிறார். அப்புறம் அரிசி டிரம்மைப் பார்க்கிறார்.) எழுந்திரு.

கவிதா: (எழாமல்) விடியற்காலை நாலரைக்கே வேகவைத்துவிட்டேன். உள்ளேதான் இருக்கிறது. டப்பாவில், அரிசிக்கு மேலே.

அத்தை: அப்படியென்றால் இந்த டிக் டிக்?

கவிதா: சூட்டுக் குமிழை ஆஃபில் வைத்துவிட்டு டைமரை மட்டும் திருகினேன். கரண்ட் செலவுகூட இல்லை அத்தை. உண்மையாக ஓட்டினால் 1,500 வாட், மணிக்கு ஒன்றரை யூனிட் ஆகும். இலவச யூனிட் நம் வீட்டு ஏசிக்கே போதாது.

அத்தை: கணக்கெல்லாம் சரி. எதற்கு இந்த நாடகம்?

கவிதா: (டம்ளரைப் பார்த்தபடி) இந்தக் காபியை எத்தனை தடவை சூடு பண்ணினேன் என்று கேளுங்கள். இன்று ஒரு தடவைகூட இல்லை. ஊற்றினேன், குடித்தேன். மற்ற நாளில் காலை ஏழு மணி காபியைப் பதினொன்றுக்குத்தான் முடிப்பேன். 'உட்கார்ந்திருக்கிறேன்' என்று சொன்னால், 'சும்மாதானே இருக்கிறாய், என் சாக்ஸ் எங்கே' என்பார்கள். லீவில் சின்னவன் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'அம்மா, போர் அடிக்குது' என்கிறான். ஆனால் 'கேக் வேகிறது' என்று சொன்னால் போதும், கோயில் கர்ப்பகிருகம் மாதிரி ஒருவரும் வாசற்படி தாண்ட மாட்டார்கள். நாற்பத்தைந்து நிமிடம். ஞாயிற்றுக்கு ஞாயிறு. திட்டுவதென்றால் திட்டிவிடுங்கள்.

(அத்தை திட்டவில்லை. ஸ்டூலை இழுத்து இன்னும் கிட்ட வந்து உட்காருகிறார்.)

அத்தை: நான் முறுக்கு சுடும்போது ஏன் யாரும் அடுப்படிக்குள் வரக் கூடாது, தெரியுமா?

கவிதா: தெரியுமே. ஆள் பார்த்தால் கண் பட்டு முறுக்கு எண்ணெய் குடிக்கும். கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கே உங்கள் மகன் சொல்லி என்னை வெளியே நிறுத்திவிட்டார்.

அத்தை: எண்ணெய் காயாமல் முறுக்கைப் போட்டால் எண்ணெய் குடிக்கும். கண்ணுக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?

கவிதா: (வாய் திறந்தபடி) அத்தை!

அத்தை: நாலு பிள்ளைகள், உங்கள் மாமா, அவருடைய அம்மா, எந்நேரமும் யாராவது உறவுக்காரர். முறுக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் வெளியே வர மூன்று மணி நேரம் ஆகும். மீதி நேரம் பின்வாசல் படியில் உட்கார்ந்து, வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிப்பேன். இலங்கை வானொலியைச் சன்னமாக வைத்துக்கொள்வேன். எங்கள் ஊரில் அது தெளிவாக எடுக்கும். நடுவில் யாராவது எட்டிப்பார்த்தால், கரண்டியை எண்ணெயில் ஒரு தட்டுத் தட்டுவேன். ஓடிவிடுவார்கள்.

கவிதா: முப்பது வருஷமாகவா?

அத்தை: அவன் இன்றைக்கும் நம்புகிறான் பார். இன்ஜினியரிங் படித்தவன்.

(இருவரும் முந்தானையைக் கடித்துக்கொண்டு குலுங்குகிறார்கள். கவிதா சுடிதார்க்காரி, அவள் துப்பட்டாவைக் கடிக்கிறாள். மின்விசிறி மறுபடி சுற்றத் தொடங்குகிறது.)

கவிதா: அப்போது நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்?

அத்தை: சொல்வேனா? ஆனால் நாற்பத்தைந்து நிமிடம் போதாது. இரண்டு பேர் ஆகிவிட்டோம். அப்புறம், இட்லி மாவு பொங்கும்போதும் சத்தம் கூடாது என்று ஒரு தாள் எழுதி ஒட்டு.

கவிதா: மாவு பொங்க எட்டு மணி நேரம் ஆகுமே அத்தை.

அத்தை: ஆகட்டுமே. குளிர்காலத்தில் பத்துகூட ஆகும்.

('டிங்!' டைமர் நிற்கிறது. கூடத்தில் நாற்காலிகள் நகரும் ஓசை. வெளியே மூன்று ஜோடிக் கால்கள் கதவை நோக்கி வருகின்றன.)

கவிதா: போச்சு! வந்துவிட்டார்கள்! வெந்துவிட்டதா என்று கேட்பார்களே!

அத்தை: வெந்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள் இதை?

கவிதா: நடுவில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது.

(அத்தை எழுந்து, வளையல்கள் தாராளமாகக் குலுங்க, கதவில் முதுகைக் கொடுத்து நிற்கிறார்.)

அத்தை: (முதல் முறையாக முழுக் குரலில்) யாரப்பா கதவைத் தள்ளுகிறது? குச்சி விட்டுப் பார்த்துவிட்டோம், நடுவில் இன்னும் ஒட்டுகிறது! அரை மணி நேரம் ஆகும்! மூச்சு விடாமல் போய் உட்காருங்கள்!

(கால்கள் நுனிவிரலில் திரும்பிப் போகின்றன. அத்தை டைமரை முப்பதுக்குத் திருகிவிட்டு வந்து கை நீட்டுகிறார்.)

அத்தை: இப்போது இறங்கு. டிரம்மைத் திற. ஓரமாக வெட்டு, தெரியக் கூடாது.